பாறை வெள்ளத்தில் போகவில்லை

தம்பி,

கோயிலில் உன் கல்யாண ஓலை இரண்டு முறை வாசித்தாயிற்று. மூன்றாவது வரும் ஞாயிறு. திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று ஃபாதர் படித்தபோது, முன்வரிசையில் இருந்த நீ திரும்பி என்னைப் பார்த்தாய். கல்யாணம் ஆகப்போகிற பையனின் பார்வை அப்படி இருக்காது. பக்கத்தில் இருந்த உன் அப்பா பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பாட்டு ஏற்கெனவே முடிந்திருந்தது.

ஞாயிறுக்கு முன்னால் வியாழன் வருகிறது. வியாழக்கிழமை புதுக் கம்பெனிக்காரர்கள் மண்ணூர் ஷெட்டுக்கு வந்து, பாறை அடுக்கிய கோர் பெட்டிகள் என்ன ஆயின என்று என்னிடம் கேட்பார்கள். 2015 வெள்ளத்தில் போய்விட்டன என்று நான் சொல்ல வேண்டும். இது நீ கேட்டது. உண்மையைச் சொன்னால் உன் வேலை போகும், வேலை போனால் பெண் வீட்டார் பின்வாங்குவார்கள். இதுவும் நீ சொன்னது. அதன் பிறகு நீ ஃபோனை எடுக்கவில்லை. ஒரகடத்தில் நண்பன் ரூமில் தங்கியிருப்பதாக அப்பா சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன் பெற்றவள் எழுதும் கடிதத்தில் நிறைய புத்திமதி இருக்கும். என்னிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் கல்.

கல் என்றுதான் நீ சொன்னாய். "கல்லுதானம்மா." தவறில்லை. கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம், கர்நாடக எல்லையை ஒட்டிய குன்றுகளில், கருப்பும் பச்சையுமாக ஒரு பாறைப் பட்டை ஓடுகிறது. இருநூற்றைம்பது கோடி ஆண்டுகளைத் தாண்டியது. எரிமலைக் குழம்பு கடலுக்கடியில் வழிந்து, தண்ணீர் பட்ட இடத்தில் தலையணை தலையணையாக உறைந்து உண்டானது. பிறகு பூமி அதை மடித்தது, நசுக்கியது, வெடிக்க வைத்தது. வெடிப்புகளில் சுடுநீர் ஏறி வந்து வெள்ளைக் குவார்ட்ஸை விட்டுச் சென்றது. சில இடங்களில் குவார்ட்ஸோடு கொஞ்சம் தங்கம். கொஞ்சம் என்றால், ஒரு லாரி பாறையை அரைத்தாலும் குண்டுமணி அளவு தேறினால் சந்தோஷப்படும் கொஞ்சம். எங்கள் தொழிலில் இதைத் தங்கம் தென்பட்ட இடம் என்போம். சுரங்கம் என்று சொல்லமாட்டோம். இரண்டுக்கும் நடுவில் ஒருவருடைய ஆயுள் முழுவதும் போய்விடலாம். என்னுடையது போயிற்று.

நான் தங்கம் தேடும் கம்பெனியில் ஜியாலஜிஸ்ட்டாகச் சேர்ந்தபோது எனக்கு உன் வயதுகூட இல்லை. ஓடைமணலை அலசினோம். வரப்புகளில் மண் எடுத்தோம். யாரோ, எந்தக் காலத்திலோ தோண்டிவிட்டுப் போன பள்ளங்கள் புதருக்குள் கிடந்தன. அவற்றின் ஓரத்தில் உட்கார்ந்து அவர்கள் என்ன பார்த்தார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று யோசிப்பேன். பிறகு டிரில்லிங். வைரப்பல் வைத்த குழாய் சாய்வாக இறங்கி, கரும்புத் தடிமனில் பாறையை உருளை உருளையாக வெளியே எடுத்து வரும். அதுதான் கோர். தகரப் பெட்டியில், எடுத்த வரிசையில், ஆழத்தை எழுதி அடுக்குவோம். வரிசை முக்கியம். பாறை வேறெங்கும் கிடைக்கும். அந்த வரிசை கிடைக்காது.

குன்றிலிருந்து வெகுதூரம், பட்டணத்துப் பக்கம் இருக்கிற மண்ணூரில் அப்போது இடம் மலிவு. கம்பெனி அங்கே ஒரு ஷெட் பிடித்து, கோர் முழுவதையும் கொண்டுவந்து வைத்தது. அறுக்கும் மெஷின் அங்கேதான் இருந்தது. மெஷினை ஓட்டியவர் அதே ஊர்க்காரர், பேச்சு அதிகமில்லாதவர், என்னை மேடம் என்று கூப்பிட்டவர். உன் அப்பா.

கோரை நீளவாக்கில் இரண்டாக அறுப்பார்கள். ஒரு பாதி லேப்புக்குப் போகும், அங்கே அரைத்து, உருக்கி, எவ்வளவு தங்கம் என்று சொல்வார்கள். மறுபாதி பெட்டியிலேயே இருக்க வேண்டும். என்றைக்காவது ஒருவன் வந்து, நீ சொன்னது சரியா என்று பார்க்கக் கேட்டால் காட்ட வேண்டும். சாட்சிப் பாதி என்று நான் சொல்வேன், உன் அப்பா மிச்சம் என்பார். எந்தப் பாதி லேப்புக்கு என்பதிலும் விதி உண்டு. மேலிருந்து கீழாகப் பார்க்க வலது பக்கம் போகும். எப்போதும் வலது. கண்ணுக்கு அழகாக இருப்பதைப் பொறுக்கி அனுப்ப ஆரம்பித்தால், காகிதத்தில் தங்கம் ஏறிக்கொண்டே போகும். பூமியில் ஏறாது.

ஒருநாள் உன் அப்பா மெஷினை நிறுத்தினார்.

"மேடம், இன்னாவோ மின்னுது."

பைரைட்டாக இருக்கும், தங்கம் போல மின்னி ஏமாற்றும் தாது, என்றேன். லென்ஸை வைத்தேன். இல்லை. குவார்ட்ஸின் ஓரத்தில், எள்ளில் பாதி அளவு, மஞ்சளாக. பைரைட் வெளிச்சத்தைத் திருப்பினால் மங்கும், இது மங்கவில்லை. அத்தனை வருடத்தில் கண்ணால் பார்த்த தங்கம் அது ஒன்றுதான். அது இடது பாதியில் இருந்தது.

மேனேஜர் ஃபோனில் கத்தினார். "யாரும்மா உன் ரூலைக் கேட்டா? லெஃப்ட்ட அனுப்பு." நான் வலதை அனுப்பினேன். லேப் சொன்ன எண் சோகையாக இருந்தது. ஏற்கெனவே நஷ்டத்தில் இருந்த கம்பெனி அதைக் காரணம் காட்டி டிரில்லை நிறுத்தியது, பிறகு எங்களையும். மெஷின் ஓட்டியவர்கள், பெட்டி தூக்கியவர்கள், சமையல்காரர், எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். என் மேல் மண்ணை வாரித் தூற்றாதவர் இல்லை. உன் அப்பா மட்டும் என்னைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்காக அவர் மறந்துவிட்டார் என்று அர்த்தமில்லை. கிறிஸ்துமஸ் கேக்கை இரண்டாக வெட்டும்போதெல்லாம் கத்தியை நிறுத்தி, "மேடம், ரூல்படி எந்தப் பக்கம் உங்களுக்கு?" என்று கேட்பார். நீ ஒவ்வொரு முறையும் விழுந்து விழுந்து சிரிப்பாய். நானும் சிரித்தேன். சிரித்தது எல்லாம் சிரிப்பு இல்லை.

மற்றவர்கள் போனபின் சாவி என்னிடம் தங்கிவிட்டது. பெட்டிகள் ஷெட்டின் பின்மூலையில் இருக்கட்டும் என்று ஷெட்டுக்காரர் விட்டுவிட்டார். அப்பா கார் பாகம் செய்யும் கம்பெனியில் சேர்ந்தார், நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்தேன். சுற்றிலும் வயல் எல்லாம் காம்பவுண்டுச் சுவர் ஆனது. பள்ளிக்கூட லீவில் உன்னை ஷெட்டுக்குக் கூட்டிப்போவேன். அந்த இடது பாதியை எடுத்து, தண்ணீர் தெளித்து, லென்ஸை உன் கண்ணில் வைத்தேன். பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்றாய். ஆனால் அந்தப் பெட்டி எது, எங்கே இருந்தது என்பது உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது என்று நீ சொன்னால் நம்புவேன். உனக்குத் தெரியும்.

ஷெட்டை லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி எடுத்தபோது, உனக்கு அங்கே வேலை கேட்டு ஷெட்டுக்காரரிடம் நின்றவள் நான். பெட்டிகள் உன் கண் முன்னால் இருக்கும் என்று ஒரு கணக்கு. என் பிள்ளையைக் காவலுக்கு வைத்தேன் என்று மனதுக்குள் ஒரு திருப்தி வேறு.

தங்கம் விலை ஏற ஏற, விட்டுப்போன இடங்களுக்கெல்லாம் ஆள் திரும்ப வருகிறது. போன மாதம் எங்கள் குன்றுக்கும் வந்தது. புதுக் கம்பெனி அனுப்பிய ஜியாலஜிஸ்ட் சின்னப் பையன். என் பழைய எழுத்தெல்லாம் படித்துவிட்டு வந்திருந்தான். வாசலில் ஷூவைக் கழற்றும் முன்பே கேட்டான்.

"மேடம், அந்த லெஃப்ட் ஹாஃப் இன்னும் இருக்கா?"

எத்தனை வருடம் கழித்து ஒருவர் அதைக் கேட்கிறார் என்று உனக்குத் தெரியுமா? நான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கட்டும் புடவை.

பின்மூலையில் கார் சீட்டுகள் இருந்தன. பாலித்தீன் சுற்றி, கூரைவரை. சுவரைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன், ஷெட் மாறி வந்துவிட்டோமோ என்றுகூட நினைத்தேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சேகர் இறங்கி வந்தான்.

"இன்னா மேடம், இந்தப் பக்கம்?"

"இங்க பெட்டி அடுக்கி வச்சிருந்தமே, சேகர்."

"அந்தக் கல்லுப் பொட்டியா? அது ஐப்பசி மழையிலயே பூட்ச்சே மேடம். வெளிய யார்டு சேறாயி, லாரி சக்கரம் உள்ள உக்காந்துகினு எய முடில. சாரு, அதான் நம்ம தம்பி, கல்ல கொட்டி ரொப்புன்னாரு. பொட்டிய தனியா தகரத்துக்குப் போட்டாச்சு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். சொல்லாதன்னு சொன்னாரு, அது மேனேஜருக்குன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றான்.

யார்டுக்குப் போனோம். சக்கரத்தடத்தில் அங்கங்கே தெரிந்தது. உடைந்தது, உருண்டது, அறுத்த முகம் மேலே பார்த்துக் கிடந்தது. டிரெய்லர் ஒன்று அதன் மேல் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பையன் குந்தி ஒரு துண்டை எடுத்து, பாட்டிலில் இருந்து தண்ணீர் ஊற்றினான். பச்சை பளிச்சென்று வந்தது.

"எந்த ஹோல், எந்த ஆழம்னு தெரியாம இது வெறும் ஜல்லிதான், மேடம்." மரியாதையாகத்தான் சொன்னான். துண்டைக் கீழே போடாமல், என் கையில் கொடுத்தான்.

நீ ஆபீஸிலிருந்து ஓடி வந்தாய். கழுத்தில் ஐடி கார்டு. "அம்மா, இங்க வாணாம். வூட்டுக்குப் போ. நான் வந்து பேசறேன்."

வந்து பேசினாய். அதை வரிக்கு வரி எழுதுகிறேன், நாளைக்கு அப்படிச் சொல்லவில்லை என்று உனக்கே தோன்றலாம்.

"லாரி மாட்டிக்கினு நிக்குது, கார் லைன் நின்னுடும்னு கஸ்டமர் கத்தறான், ஜல்லி லோடு கேட்டா நாளைக்குன்றான். நான் இன்னாதாம்மா பண்றது?"

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ ஒத்துக்குவியா? இத்தினி வருஷத்துல எவனாவது வந்தானா? நீதான் தொடச்சித் தொடச்சி வச்சிகினு இருந்த."

"வந்துட்டான் இல்ல?"

"அதான் சொல்றேன். வெள்ளத்துல போச்சுனு சொல்லிடு. முடிஞ்சிது. இந்தப் பக்கம் யாருக்கு எது காணாமப் போனாலும் வெள்ளம்தான். டிசி காணோமா, வெள்ளம். பட்டா காணோமா, வெள்ளம். உன் கல்லு மட்டும் இன்னா ஸ்பெஷலு?"

அப்பா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, அதை ஒளிக்கவில்லை. நீ பேச்சுக்காரன். ஆனால் யோசித்துப் பார், தம்பி. 2015 மழையில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த தண்ணீர் கீழே பட்டணத்துப் பக்கம் போனது. மேட்டில் இருக்கிற மண்ணூர் ஷெட்டைத் தேடி ஏறி வரவில்லை. வந்திருந்தாலும், வருகிறவர்கள் ஜியாலஜிஸ்ட்டுகள். நாங்கள் கோரை நனைத்துத்தான் பார்ப்போம். காய்ந்த பாறை வாயைத் திறக்காது, தண்ணீர் பட்டால்தான் நிறம் சொல்லும். கடலுக்கடியில் பிறந்த பாறை மழைத்தண்ணீரில் கெட்டுப்போனது என்று அவர்கள் முன்னால் நின்று நான் சொல்ல வேண்டும். பொய்யையாவது கொஞ்சம் மெனக்கெட்டுத் தேடியிருக்கலாம்.

ஆனால் அவர்கள் நம்புவார்கள். அதுதான் என்னை அறுக்கிறது. யார்டைக் கண்ணால் பார்த்த அந்தப் பையனே, பார்த்ததை எழுதப்போவதில்லை என்று ஏற்கெனவே ஜாடையாகச் சொல்லிவிட்டான். இயற்கையால் போனது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால், என் பழைய பதிவுகளையும் லேப் எண்களையும் அப்படியே ஏற்றுக்கொண்டு குன்றில் மறுபடி டிரில் இறக்குவார்களாம். யார் மேலும் வழக்கு இல்லை. ஆள் கொட்டியது என்றால் விசாரணை, நஷ்டஈடு, உன் கம்பெனி உன்னைக் கைகாட்டும், குன்றும் கிடப்பில் போகும். ஒரு பொய்க்கு உன் வேலை, உன் கல்யாணம், என் குன்று மூன்றும் கிடைக்கிறது. இவ்வளவு நல்ல பேரம் எனக்கு இதுவரை வந்ததில்லை.

உன் அப்பா அன்று சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். "விட்டுடு. கல்லு திரும்பி வரப்போவுதா? புள்ளய மாட்டிவுட்டு இன்னா சாதிக்கப் போற?"

"நீங்க அறுத்த கல்லுங்க அது."

"அறுத்தேன். எல்லாத்தையும் நான்தான் அறுத்தேன். இவனையும் நான்தான் பெத்தேன்." எழுந்து வெளியே போய்விட்டார். அவர் இதுவரை என்னிடம் குரல் உயர்த்திய நாட்களை யோசித்தேன். வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. எதைச் சாதிக்கப் போகிறேன்? பாறை வராது. நான் சொல்லும் உண்மையால் யாருக்கும் ஒரு குண்டுமணி லாபமில்லை. இரண்டு வாரமாக இதையே புரட்டிக்கொண்டிருக்கிறேன். கிடைத்த பதில் ஒன்றுதான், அது பெரிய பதிலும் இல்லை. சாட்சிப் பாதி இருந்தவரை என்னை யாரும் நம்ப வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். இப்போது பெட்டி இல்லை. அந்தக் குன்றைப் பற்றி மிஞ்சியிருப்பது என் வார்த்தை மட்டும். அதே வார்த்தையால் வெள்ளம் வந்தது என்று சொன்னேன் என்றால், இடது பாதியில் தங்கம் பார்த்தேன் என்று சொன்னதும் அதே வாய்தான். அதை வைத்து அவர்கள் டிரில் இறக்குவார்கள். ஆட்களை வேலைக்கு எடுப்பார்கள். ஒருநாள் மறுபடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புவார்கள். போன முறை அந்தக் கூட்டத்தில் இருந்தவள் நான்.

நீ கொட்டியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. மழை, லாரி, மேனேஜர், ஃபோனில் ஒருவன். அங்கே நான் நின்றிருந்தாலும் என் கால் சேற்றில்தான் இருந்திருக்கும். அந்த ஒரு பெட்டியைத் தனியாக எடுத்து வைத்திருக்கலாம். ஒரு ஆள் தூக்கும் கனம். அதைக்கூட நான் கடந்துவிடுவேன். ஐப்பசியிலிருந்து போன மாதம்வரை ஒவ்வொரு ஞாயிறும் கோயில் முடிந்து என்னோடு உட்கார்ந்து கறிக்குழம்பு சாப்பிட்டாய். "ஷெட்ல பெட்டியெல்லாம் பத்திரமா இருக்கா?" என்று நான் கேட்பேன். வழக்கமாகக் கேட்பது, பதிலை எதிர்பார்த்துக்கூட இல்லை. "ம்ம், இருக்கும்மா" என்பாய். மென்றுகொண்டே. அதை என்னால் விழுங்க முடியவில்லை.

இப்போது அந்த ஒரு புத்திமதி. நீ கட்டப்போகிறவளிடம் சொல்லிவிட்டாயா என்று அன்றைக்குக் கேட்டேன். "கல்யாணத்துக்கு அப்பறம் சொல்லிக்கலாம்" என்றாய். அவள் செல்ஃபோன் கம்பெனியில் லைனில் நிற்கிற பெண். பழுதான துண்டைக் கண்டால் பெல்ட்டை நிறுத்திக் கையைத் தூக்க வேண்டியது அவள் வேலை, தூக்காமல் விட்டால் அவளைத்தான் கேட்பார்கள். அவளுக்குப் புரியாது என்று நினைக்காதே. ஞாயிறுக்கு முன் சொல். அவள் போனால் இப்போது போகட்டும். கறிக்குழம்பு பரிமாறிக்கொண்டு "எல்லாம் சரியா இருக்கா" என்று அவள் உன்னைக் கேட்கும் நாள் வரக்கூடாது.

எனக்குக் கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இதைப் படிக்காதே. தணியவில்லை. உன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டு இன்னும் பையைவிட்டு வெளியே வரவில்லை. அப்பா ஒருவரே ஒரகடம் போய்ப் பந்தல்காரரைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்த வீட்டில் இப்போது மூன்று பேரும் மூன்று பெட்டி.

வியாழன் காலை அவர்கள் வரும்போது நான் ஷெட்டில் இருப்பேன். கோர் எங்கே என்று கேட்பார்கள். யார்டைக் காட்டுவேன். எப்போது என்பார்கள், ஐப்பசியில் என்பேன். சேகரை இதில் இழுக்கமாட்டேன், அவன் சொன்னதைச் செய்தவன். யார் சொல்லிக் கொட்டினார்கள் என்பது கடைசியாக வரும். அதற்கு முன் நீயே வந்து நான்தான் என்று சொன்னால் எனக்கு வேலை இல்லை. நீ வருவாய் என்று எண்ணி இதை எழுதவில்லை. தெரியாமல் இருந்துவிட்டேன் என்று நீ பின்னால் சொல்லக்கூடாது, அதற்காக எழுதுகிறேன்.

உன் பெயரைச் சொல்வேன். ஆபீஸில் கூப்பிடும் பாதிப் பெயரை இல்லை, ஞானஸ்நானத் தொட்டியருகே உன்னைக் கையில் வைத்துக்கொண்டு ஃபாதரிடம் நான் சொன்ன முழுப் பெயரை. அப்பா ஷிப்டுக்குப் போய்விட்டார். வீட்டில் யாருமில்லை. சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை.

அம்மா